ஒரு பசலிக்கு விட்ட கண்மாய்

எங்கள் ஊர்க் கண்மாயில் நடு மடைக்குப் பக்கத்தில், கரையின் உள்சரிவில் ஒரு கருவேல மரம் நிற்கிறது. ஏழு வயதில் அப்பா அந்த மரத்தடியில் உட்கார வைத்துத்தான் எனக்கு முதல் தூண்டிலைக் கையில் கொடுத்தார். மூங்கில் கம்பு, இரண்டு பாகம் நீளத்துக்குத் தூண்டில் நரம்பு, மயிலிறகுக் காம்பை நறுக்கிக் கட்டிய தக்கை, முள்ளில் மண்புழு. இப்போது எனக்கு 46 வயது. மதுரையில் வேலை. சனிக்கிழமை இரவு ஊருக்கு வந்தால் ஞாயிறு விடியும்போது அதே மரத்தடியில் இருப்பேன்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகனையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வாளியில் இரண்டு குறவை, ஒரு சின்ன விரால். வண்டியில் வந்து இறங்கிய காவல் பையனுக்கு இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும்.

“அண்ணே, கம்பை எடுங்க. இது காசு கட்டி எடுத்த தண்ணி.”

“நான் இந்த ஊர்தாம்ப்பா.”

“எந்த ஊரா இருந்தாலும் ஏலம் எடுத்தவருக்குத்தான் மீனு. வாளியைக் கொடுங்கண்ணே.”

மீனைத் தன் பைக்குள் கொட்டிக்கொண்டு வெறும் வாளியைத் திருப்பிக் கொடுத்தான். என் மகன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வரும் வழியில் அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “அந்த விராலை அவங்க வளர்த்தாங்களாப்பா?”

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்த மூன்று வருட அலைச்சல். உங்கள் ஊரிலும் ஒரு கண்மாய் இருக்கும், அதையும் யாராவது ஏலம் எடுத்திருப்பார்கள். நான் பட்டதும் தெரிந்துகொண்டதும் யாருக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் ஏரி, குளம், கண்மாய் என்று சுமார் 39 ஆயிரம் இருக்கின்றன. ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் பொதுப்பணித் துறை, அதாவது இப்போதைய நீர்வளத் துறை. அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். கரையும் மடையும் ஒருவர் பொறுப்பில் இருக்க, மீன் பிடிக்கும் உரிமைக்கு மட்டும் தனியாக மீன்பாசி ஏலம் நடக்கும். எங்கள் கண்மாயை ஒரு பசலிக்கு விடுகிறார்கள். பசலி என்பது நிலவரிக் கணக்குக்காக ஏற்பட்ட ஆண்டு. ஜூலை 1-ஆம் தேதி தொடங்கி மறு ஜூன் 30-ஆம் தேதி முடியும்.

வரி வசூலுக்கு இந்தக் கணக்கு சரியாக இருக்கலாம். மீனுக்குச் சரிவராது. எங்கள் பக்கம் தண்ணீர் வருவது ஐப்பசி, கார்த்திகை மழைக்குத்தான். ஜூலையில் பணத்தைக் கட்டிய குத்தகைதாரர் மூன்று நான்கு மாதம் காய்ந்த தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். கண்மாய் பெருகிய பிறகு குஞ்சு விடுவார். பங்குனி, சித்திரையில் தண்ணீர் வற்றிவிடும். ஆக அவர் கையில் இருப்பது ஐந்து, ஆறு மாதம். அதற்குள் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும். கண்மாயில் அவர் விட்டுவைக்கும் ஒவ்வொரு மீனும் அடுத்த பசலிக்காரருடைய மீன். நல்ல மனிதராகவே இருந்தாலும் இந்த ஏற்பாட்டுக்குள் வந்துவிட்டால் வழித்துத் துடைத்து எடுக்கத்தான் பார்ப்பார். இது எனக்குப் புரியவே ஒரு வருடம் ஆனது. அதுவரை அந்த மனிதரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மகன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வடக்கே கங்கைப் பக்கத்து ஆற்று மீன்கள். தேங்கி நிற்கும் கண்மாயில் அவை முட்டையிட்டுப் பெருகாது. ஒரு காலத்தில் ஆற்றில் வலை போட்டுக் குஞ்சு பொறுக்கித்தான் குளங்களில் விட்டார்கள். 1957 ஜூலை 10-ஆம் தேதி ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, மீனின் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசி மூலம் செலுத்தி இந்தக் கெண்டைகளை முட்டையிட வைத்தார். இன்றைக்கு நாடு முழுக்கப் பண்ணைகளில் குஞ்சு கிடைப்பதற்கு அதுதான் ஆரம்பம். எனவே கண்மாயில் இருக்கும் கட்லா குத்தகைதாரர் காசு கொடுத்து வாங்கி விட்ட மீன். அதில் எனக்குச் சண்டையே இல்லை. என் தூண்டிலில் கட்லா சிக்கினால் அவரிடமே கொடுத்துவிடுகிறேன் என்று அப்புறம் ஒருநாள் அவரிடமே சொன்னேன்.

ஆனால் விராலையும் குறவையையும் யார் விட்டது? அயிரையை யார் விட்டது? கெளுத்தி, ஆரால், தேளி இதெல்லாம் சேற்றிலும் மடைக்குழியிலும் கிடந்து உயிரைப் பிடித்துக்கொண்டு, புதுத் தண்ணீரில் தானாகப் பெருகுகிறவை. இந்தக் கண்மாய் வெட்டின நாளிலிருந்து இங்கே இருக்கிற குடிகள். ஏலச் சீட்டில் எல்லாவற்றுக்கும் பெயர் ‘மீன்’ என்ற ஒரே சொல்தான். எங்கள் பிரச்சினை முழுக்க அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

என்னை விரட்டிய அடுத்த ஐப்பசியில் அதைக் கண்ணால் பார்த்தேன். முதல் மழைக்குக் கண்மாயில் கால்வாசித் தண்ணீர் வந்திருந்தது. விடியற்காலை கரையேறினால் இலுப்பைப் பிண்ணாக்கு வாசனை. எண்ணெய்ச் செக்குப் பக்கம் போனவர்களுக்கு அந்தக் காறல் தெரியும். தண்ணீரின் மேல் பழுப்பாக நுரை ஒதுங்கியிருந்தது. கரையோரம் குறவைகள் பக்கவாட்டில் சாய்ந்து, வாயைத் திறந்து திறந்து மூடின. முழங்கை நீளத்தில் ஒரு விரால் பாதி உடம்பு சேற்றில், பாதி தண்ணீரில். கையில் எடுத்தேன். துள்ளவில்லை. செவுளைத் தூக்கிப் பார்த்தேன், ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டியது கழுவிவிட்ட மாதிரி வெளுத்துக் கிடந்தது. வயிறு கனமாக இருந்தது. முட்டை.

குஞ்சு விடுவதற்கு முன்னால் விராலையும் கெளுத்தியையும் ஒழித்துக்கட்ட இப்படிச் செய்கிறார்கள். மீன் பண்ணைக் குட்டையில் இது வழக்கமான வேலைதான். பிண்ணாக்கில் இருக்கும் சப்போனின் செவுள் வழியாகப் போய் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அதனால்தான் மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைக்கும் விரால்கூடத் தப்புவதில்லை. இரண்டு மூன்று வாரத்தில் நஞ்சு அடங்கிவிடும், அப்புறம் அதுவே உரம். ஒருவர் தன் பட்டாவில் வெட்டிய குட்டையில் செய்தால் அது அவர் பாடு. மாடு தண்ணீர் குடிக்கிற, பெண்கள் துணி துவைக்கிற, நாரையும் நத்தைகுத்தியும் வந்து இறங்குகிற ஊர்ப் பொதுக் கண்மாயில் செய்யலாமா? தண்ணீரில் விஷம் கலந்து மீனைக் கொல்வது குற்றம் என்று 1897-ஆம் வருடத்து மீன்வளச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அன்றைக்கு நான் செய்தது முழுக்கத் தப்பு. அதை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் இதைத்தான் செய்கிறார்கள். கோபத்தில் கரையிலேயே நின்று சத்தம் போட்டேன். திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்துக்குப் போய் நான்கு பக்கம் மனு எழுதிக் கொடுத்தேன். அதில் என் பால்ய நினைவு இருந்தது, வெறும் வாளி இருந்தது. தேதி இல்லை, எந்த மடைப் பக்கம் என்று இல்லை, எந்த நிபந்தனை மீறப்பட்டது என்று இல்லை. பல வாரம் கழித்து ‘ஆய்வு செய்யப்பட்டது, தற்போது மீன்கள் ஏதும் இறந்து காணப்படவில்லை’ என்று பதில் வந்தது. உண்மைதான். அவர்கள் வந்து பார்க்கும்போது இறந்த மீன் எங்கே இருக்கும்? கொக்கும் நாயும் இரண்டே நாளில் தீர்த்துவிட்டன.

ஊரில் வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் நீர்ப்பாய்ச்சியாக இருந்த பெரியவர் ஒருவர்தான் என் கண்ணைத் திறந்தார். “நீ தூண்டிக்காக நிக்கிறன்னு நினைச்சா ஒருத்தனும் வரமாட்டான் மாப்ள. அது உன் பொழுதுபோக்கு. தண்ணிக்காக நில்லு, ஊரே வரும்” என்றார். அதோடு இன்னொன்றும் சொன்னார்: “ஏலச் சீட்டுல என்ன எழுதியிருக்குன்னு எவனாச்சும் படிச்சிருக்கீங்களா?”

யாரும் படித்திருக்கவில்லை. நானும்தான். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பித்தேன். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். கேட்டது மூன்றே விஷயம்: எங்கள் கண்மாயின் மீன்பாசி குத்தகை உத்தரவு நகல், அதோடு சேர்ந்த நிபந்தனைகள், கடைசியாக யார் எப்போது ஆய்வு செய்தார்கள் என்ற குறிப்பு. கேள்வியைச் சுருக்கமாக, ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை’ என்று கேட்டால், அது தகவல் இல்லை என்று தட்டிக்கழிக்க இடம் கொடுத்துவிடுவோம்.

வந்த நகலில் இரண்டு பக்க நிபந்தனை இருந்தது. விஷமோ வெடியோ வைக்கக் கூடாது. பாசனத்துக்கு இடைஞ்சல் செய்யக் கூடாது. மீன் பிடிப்பதற்காக மடையைத் திறந்து தண்ணீரை வடிக்கக் கூடாது. கோழிக் கழிவு, இறைச்சிக் கழிவு கொட்டக் கூடாது. எல்லாமே ஏற்கனவே எழுதப்பட்டு இருக்கிறது! டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தேன். மடையைத் திறக்கக் கூடாது என்ற வரி வந்ததும், அதுவரை பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த, விவசாயம் செய்யும் மூன்று சம்சாரிகள் நிமிர்ந்தார்கள். போன வருடம் மாசியில் ராத்திரி மடை திறந்து, கடைசித் தண்ணீர் இல்லாமல் நெல் மணி பிடிக்காமல் சாவியாகப் போனது அவர்களுக்குத்தான்.

அன்றிலிருந்து ஒரு குறிப்பேடு வைத்தேன். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த மடை, தண்ணீர் அளவு கல்லில் எந்தக் கோடு, என்ன பார்த்தேன் என்று எழுதி, கைபேசியில் ஒரு படம். படத்தில் கரையோ மடையோ, உபரித் தண்ணீர் வழியும் கலுங்கோ தெரிய வேண்டும். வெறும் செத்த மீனைப் படம் எடுத்தால் அது எந்தக் குளத்து மீன் என்று கேட்பார்கள்.

அதே குறிப்பேட்டில் மீனையும் எண்ணினேன். தூண்டில்காரர்களுக்கு விரால் பாப்பு தெரியும். கார்த்திகை, மார்கழியில் கரையோரப் புல்லுக்குப் பக்கத்தில் தண்ணீர் ஓரிடத்தில் மட்டும் மெல்லக் கொதிக்கிற மாதிரி இருக்கும். உற்றுப் பார்த்தால் செம்மண் நிறத்தில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் ஒரே பந்தாக மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுக் கீழே போகும். அடியில் கருப்பாக ஒரு நிழல் கூடவே நகரும். அதுதான் காவல் இருக்கும் தாயோ தகப்பனோ. ஒரு தவளையைக் காட்டினால் பசி இல்லாவிட்டாலும் கோபத்தில் வந்து அடிக்கும். அதனாலேயே பாப்புக் காலத்தில் விரால் பிடிப்பது சுலபம். நானும் வாலிபத்தில் பிடித்திருக்கிறேன். தாயைத் தூக்கிய அரை மணி நேரத்தில் கெண்டையும் தண்ணீர்ப் பாம்பும் அந்தப் பந்தைப் பிய்த்துத் தின்றுவிடும். பிண்ணாக்கு போட்டவரைக் கேள்வி கேட்கப் போகிறவன் இதை விட்டிருக்க வேண்டும். விட்டுவிட்டேன். எங்களோடு தூண்டில் போடும் ஏழெட்டுப் பேரிடமும் சொல்லி, பாப்புக்குப் பக்கத்தில் தூண்டில் போடுவதில்லை என்று முடிவு செய்தோம். தெலங்கானா தன் மாநில மீனாகவே விராலை வைத்திருக்கிறது. நாம் அது குஞ்சு வளர்க்கும் இரண்டு மாதமாவது விட்டுவைக்கலாம். பிண்ணாக்கு போட்ட வருடம் கண்மாய் முழுக்கச் சுற்றி நான் பார்த்தது ஒரே ஒரு பாப்பு.

தூண்டிலில் அந்த வருடம் சிக்கியது பாதிக்கு மேல் ஜிலேபிக் கெண்டை. 1952-இல் இந்தியாவுக்குள் வந்த மீன். வாயில் வைத்துக் குஞ்சைக் காப்பாற்றும், எந்தத் தண்ணீரிலும் பெருகும். அதைக் குறைத்துவைப்பதே விராலும் கெளுத்தியும்தான். அவற்றைக் கொன்றால் கட்லாவின் தீனியை ஜிலேபி தின்னும். இதை அப்போது குத்தகைதாரருக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

ஒருநாள் என் நரம்பை அறுக்கிற மாதிரி இழுத்து வந்தது ஆப்பிரிக்கக் கெளுத்தி. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டே தடை செய்யப்பட்ட மீன். கண்மாய்க்குத் தண்ணீர் வரும் உள்வாய்ப் பக்கம் யாரோ குழி வெட்டி வளர்த்திருக்கிறார்கள், பெருவெள்ளத்தில் கண்மாய்க்குள் வந்துவிட்டது. அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டுக் கெளுத்திக்கு முதுகில் குட்டைத் துடுப்பும் அதில் குத்தும் முள்ளும் உண்டு. இதற்குத் தலை தட்டையாக, அகலமாக இருக்கும். நான்கு ஜோடி மீசை. முதுகுத் துடுப்பு கழுத்திலிருந்து வால்வரை நீளும், அதில் முள் இருக்காது. பிடித்தால் திரும்பத் தண்ணீரில் விடாதீர்கள். கரையில் போட்டுவிட்டும் வராதீர்கள், ஈரத்தில் நெளிந்து நெளிந்து தண்ணீருக்கே போய்விடும். கொன்று புதைத்துவிட வேண்டும்.

அக்டோபர் 2 கிராம சபை வந்தது. மீன்வளம் அரசியல் சட்டத்தின் 11-ஆவது அட்டவணையில் ஊராட்சிகளுக்கான பொருள்களில் ஒன்றாகவே இருக்கிறது, ஆனால் எங்கள் கிராம சபையில் அதுவரை ஒருவரும் கண்மாய் மீனைப் பற்றிப் பேசியதில்லை. நான் பேசவில்லை. சம்சாரிகள் பேசினார்கள். நான் குறிப்பேட்டை மட்டும் நீட்டினேன். குத்தகை நிபந்தனைகளை மடைக்குப் பக்கத்தில் பலகையில் எழுதி வைக்க வேண்டும், பிண்ணாக்கு கூடாது, நடு மடைக்குழியில் ஓர் ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும், அங்கே வலை போடக் கூடாது என்று தீர்மானம். தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் போடாதீர்கள்.

அதற்கு அடுத்த வாரம் குத்தகைதாரரே வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். திண்ணையில் உட்கார்ந்து கணக்கு சொன்னார். ஏலப் பணம், குஞ்சு, காவல், வலைக்காரர் கூலி. போன வருடம் மழை பொய்த்ததில் வட்டிக்கு வாங்கியது அப்படியே நிற்கிறது என்றார்.

“விராலு இருந்தா என் குஞ்சு பூராத்தையும் தின்னுரும் தம்பி. நான் என்ன செய்ய?”

“எவ்வளவு நீளத்துக் குஞ்சு விடுறீங்கண்ணே?”

சுண்டு விரலில் பாதியைக் காட்டினார். அது விராலுக்கு வாய்க்கரிசி. கை விரல் நீளத்துக்கு வளர்ந்த குஞ்சை விட்டால் பெரும்பாலும் தப்பிவிடும். விலை அதிகம்தான், ஆனால் எண்ணிக்கையைக் குறைத்து விடலாம். பிண்ணாக்குச் செலவும் மிச்சம். குஞ்சை வாங்கி மடைக்குழியில் வலையடைப்புக்குள் ஒரு மாதம் வைத்து வளர்த்தும் விடலாம். அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. பாதிக் கண்மாய்க்குப் பெரிய குஞ்சு விட்டுப் பார்க்கிறேன் என்றார். அந்தப் பசலியில் பிண்ணாக்கு போடவில்லை.

எங்களுக்குப் பக்கத்தில் சில ஊர்கள் ஏலமே விடுவதில்லை. தண்ணீர் வற்றும்வரை யாரும் கை வைக்காமல் இருந்து, வெயில் காலத்தில் ஒருநாள் மீன்பிடித் திருவிழா. ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஆயிரக்கணக்கான பேர் ஊத்தாக் கூடையும் கச்சா வலையும் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். நான் போயிருக்கிறேன். சேற்று வாடையும் கூச்சலும், ஊத்தாவுக்குள் கையை விட்டு விராலைத் தடவும் அந்த நொடியும் வேறெங்கும் கிடைக்காது. ஊரே தின்னப் போகிற மீன் என்பதால் யாரும் விஷம் வைக்க நினைப்பதில்லை. எனக்கு அது ஏலத்தை விட நியாயமாகப் படுகிறது. ஆனால் ஊராட்சிக்கு வருமானம் வேண்டும் என்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதும் பொய்யில்லை. எங்கள் ஊரில் அது உடனே நடக்காது.

போன கார்த்திகையில் நான் எண்ணிய பாப்பு நான்கு. ஐந்தாவதைக் காட்டியது அந்தக் காவல் பையன்தான். கலுங்குப் பக்கம் நின்றுகொண்டு, “அண்ணே, இங்க ஒண்ணு சுத்துது, எழுதிக்கங்க” என்றான்.

தூண்டில் விஷயம்தான் இன்னும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும், ஆளுக்கு ஒரு கம்பு, கட்லா வகை சிக்கினால் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று வாய்ப்பேச்சாக அனுமதித்திருக்கிறார். பசலி முடிந்தால் அந்த வாய்ப்பேச்சும் முடிந்துவிடும். ஏலம் யாருக்குப் போகுமோ தெரியாது. அதனால் ஏலத்துக்கு முன்பே, நிபந்தனைகளிலேயே மூன்று வரி சேர்க்கச் சொல்லி மனு கொடுத்திருக்கிறோம்: குத்தகைக் காலம் மூன்று பசலி, மடைக்குழியில் வலை கூடாது, ஊர்க்காரர்கள் ஒற்றைத் தூண்டில் போடத் தடையில்லை. இந்த முறை மனு அரைப் பக்கம். கீழே 61 கையெழுத்து, அதில் தூண்டில்காரர்கள் ஒன்பது பேர், மற்றவர்கள் சம்சாரிகள். ஜூலைக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.